மலைக்குளிரில் நான்கு பாதங்கள்

குளிருக்கும் எங்கள் ஊருக்கும் அவ்வளவு பழக்கம் கிடையாது. தச்சநல்லூரில் மார்கழி விடியலில் ஒரு துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் போதும். அதற்கு மேல் குளிருக்கு மரியாதை செய்யும் வழக்கம் எங்களிடம் இல்லை. கால் என்பதும் விறைத்துப்போகக் கூடிய உறுப்புதான் என்று, பொங்கல் கழிந்த அந்த வாரம் சைக்கிளில் மாஞ்சோலை மலை ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாஞ்சோலைக்கும் மேலே, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு ஆசிரியை வேலை சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் தோட்ட அலுவலகத்தில் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் நெரிபட்டுப் போய், இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கி வந்தேன். அந்தப் பட்டத்தை நம்பி ஒருவர் எனக்குக் கொடுக்கும் முதல் வேலை இது. அதை அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சிக்கல் என்னவென்றால், கார்த்திகை மழையில் மலைப்பாதையில் ஒரு சிறுபாலம் உட்கார்ந்துவிட்டது. பஸ் கிடையாது, ஜீப்பும் போகாது. ஆள் இறங்கி ஏறலாம், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டலாம் என்றார்கள். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

துணைக்கு வர அண்ணனுக்கு வழியில்லை. அவன் லாரியில் கேரளாவுக்கு லோடு கொண்டு போகவேண்டும். "நான் வாரேன்ட்டி" என்றாள் மதினி.

மதினி அண்ணனின் மனைவி. பெயர் இசக்கியம்மாள், நான் கூப்பிடுவது மயினி. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு சைக்கிள் படித்திருந்தாள், நான்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். இப்போது ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் ஆலைக்குச் சோறு கொண்டுபோகவும் சைக்கிள்தான்.

"மலையில புலி கிடக்கு, தெரியும்லா?" என்றான் அண்ணன்.

"கிடக்கட்டும். புலிக்குப் பசிச்சா உங்கள மாதிரி கொழுத்த ஆளத்தான் தேடும். எங்க ரெண்டு பேரையும் பாத்தா அதுவே சோறு போட்டு அனுப்பும்" என்றாள் மதினி.

அண்ணனின் உயரமான சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன், சுடிதார் போட்டிருந்ததால் குறுக்குக் கம்பி ஒரு தடை இல்லை. என்னுடைய லேடீஸ் சைக்கிளைச் சேலை கட்டிய மதினிக்குக் கொடுத்தேன். சான்றிதழ்களை ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைகள் நான்கில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, துணிமூட்டைக்குள் வைத்து, பழைய டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டினேன். சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பிவிட்டோம்.

ஊரைத் தாண்டி வயல்வெளி வந்ததும் முதல் பாடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல். ஈரக்காற்று நேராக வந்து கால் விரல்களைக் கடித்தது. தலைக்குத் துண்டு, மார்புக்குச் சால்வை என்று மேலே மட்டும் மூடியிருந்தோம். கால்களோ ரப்பர் செருப்பில், காற்றுக்கு முன்னால், பெடலோடு சுற்றிக்கொண்டே இருந்தன. நடக்கிறவன் கால் தரையில் பட்டுச் சூடாகிறது. சைக்கிள் ஓட்டுகிறவன் காலைக் காற்று மட்டுமே தொடுகிறது. இதை அன்று யோசித்தேனே தவிர, வெயில் ஏறியதும் மறந்துவிட்டேன்.

சேரன்மகாதேவியில் டீக்கடைக்கு முன் நிறுத்தினோம். சூடான இட்லியை விட, கையிலும் காலிலும் மாறி மாறி வைத்துக்கொண்ட டீ கிளாஸ்தான் அன்று ருசித்தது. கடைக்கார அண்ணாச்சி எங்களையும் சைக்கிள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எங்கன இருந்தும்மா வாரிய?"

"தச்சநல்லூர்."

"சைக்கிள்லயா? இன்னைக்குப் பஸ் ஓடலியோ?"

"பஸ்ஸும் ஓடுது அண்ணாச்சி. நாங்களும் ஓடுதோம்" என்றாள் மதினி.

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க போறியன்னு கேளும் வே" என்றார் அண்ணாச்சியிடம். மாஞ்சோலைக்கு மேலே என்று சொன்னதும், "ரெண்டும் சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்பும், நீரு இட்லிய எடுத்து வையும்" என்றார். எனக்குச் சுரீரென்றது. ஏறி மிதித்தேன். வீரவநல்லூர் வரை யாரையும் முந்தவிடவில்லை. அங்கே செயின் கழன்றது. மதினி இறங்கி, சேலைத் தலைப்பு கறுப்பாகிவிடாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு, செயினை மாட்டினாள். "அந்தக் கெழவனுக்கு நீ செயின வச்சி பதில் சொல்லாதட்டி, பைய போ" என்றாள்.

அன்று கல்லிடைக்குறிச்சியில் மதினியின் பெரியம்மா மகள் வீட்டில் தங்கினோம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். நான் மூன்றாம் முறை தட்டை நீட்டியதும் அந்த அக்கா, "டீச்சருக்கு வயிறு பெருசுதான்" என்றாள். இன்னும் ஆகவில்லை, திங்கட்கிழமைதான் என்றேன். "ஆனா என்ன, ஆகாட்டி என்ன, சோறு டீச்சர் கணக்குக்குத்தான் இறங்குது."

மறுநாள் காலை புளிச்சோற்றை வாழைச் சருகில் பொட்டலம் கட்டி, மேலும் இரண்டு கட்டுச் சருகும் கொடுத்து அனுப்பினாள். "இலை கிடைக்காத ஊருக்குப் போறிய, சாப்பிட வேணும்லா" என்றாள்.

இனி என் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். மலையில் குளிரும் என்று தெரிந்து நான் பாளையங்கோட்டையில் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கியிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் காலுறை இரண்டு ஜோடியும் வாங்கினேன். ஒரு ஜோடி ஒரு பங்கு சூடு என்றால் இரண்டு ஜோடி இரண்டு பங்கு என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, ஷூவுக்குள் காலைத் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டினேன். மதினியைக் கேட்டதற்கு, "எனக்குச் செருப்பே போதும். ஷூ போட்டா போலீஸ்காரன் மாதிரி இருக்கும்" என்றுவிட்டாள்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் காவலாளி பாதையை மறித்த கம்பைத் தூக்கவில்லை. "பொம்பளையாளுவ தனியா எங்கன?" என்றார். நான் வேலை விவரத்தைச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு மதினியைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"நான் டீச்சரக் கொண்டு விடப் போறேன். மாப்பிள்ளையப் பொண்ணு வீட்டுல கொண்டு விட ஆளு போறதில்லையா? அது மாதிரி."

அவர் கம்பைத் தூக்கினார். போகும்போது பின்னாலிருந்து, "பாலத்துக்கிட்ட வழுக்கும்மா, இறங்கி நடங்க" என்று கத்தினார். நல்ல மனிதர்.

ஏற்றம் முழுக்கத் தள்ளித்தான் போனோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த மலையில் சைக்கிளை மிதித்து ஏறுகிறவர் இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. தள்ளத் தள்ள வியர்த்தது. சால்வையைக் கழற்றினேன். கீழே மணிமுத்தாறு அணை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி மின்னியது. எங்கள் தாமிரபரணிக்குத் தண்ணீர் சேர்க்கும் ஓடைகள் பாதைக்குக் குறுக்கே ஓடின. ஒவ்வொன்றிலும் ஷூ நனைந்தது.

மேலே ஒரு திருப்பத்துக்கு அப்பால் பாதை சமமானது. மகிழ்ந்து போய் ஏறி மிதித்தோம். அங்கேதான் குளிர் பிடித்தது. மேகம் பாதைக்கே இறங்கியிருந்தது. மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல். எதிர்க்காற்று. வியர்த்து நனைந்திருந்த கால்கள் ஷூவுக்குள் முதலில் எரிந்தன, பிறகு வலித்தன, பிறகு காணாமல் போயின. உண்மையாகவே சொல்கிறேன், முழங்காலுக்குக் கீழே யாரோ இரண்டு கட்டையைச் செருகியிருந்த மாதிரி இருந்தது. பெடலில் கால் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படிக் குனிந்து பார்த்த ஒரு நொடியில் கால் நழுவி, சைக்கிளோடு ஓரத்துப் புல்லில் விழுந்தேன்.

எழுந்து நிற்க முடியவில்லை. அடி ஒன்றும் பெரிதில்லை. நிற்பதற்குக் கால் இல்லை. முதல் முறையாகப் பயம் வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணி என்பது கண்முன்னே மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

விழுந்த சத்தம் கேட்டுச் சற்றுத் தூரத்திலிருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். உடைந்த பாலத்தைச் சரிசெய்ய வந்த சித்தாள்கள். பாலம் அடுத்த திருப்பத்திலேயே இருந்தது. படுதாவைக் கட்டி, அதனடியில் மூன்று கல் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைத் தாங்கிக்கொண்டுபோய் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"யாத்தா, சைக்கிள் ஓட்டத் தெரியாமலா இம்புட்டு ஒசரம் வந்திய?" என்றாள் ஒருத்தி.

"தெரியும். கால்தான் தெரியல" என்றேன்.

ஷூவைக் கழற்றினேன். காலுறைகளை உரித்தேன். பாதம் வெளுத்து, காலுறையின் வரிகள் தோலில் பதிந்திருந்தன. தேய்க்கத் தேய்க்க, ஊசி குத்துவது போல உணர்வு திரும்பியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் இரண்டு காலுறையைப் போட்டுச் சூட்டைக் கூட்டவில்லை, காலைக் கட்டிப்போட்டிருக்கிறேன். ஷூவுக்குள் விரலை அசைக்க இடமில்லை. இறுக்கத்தில் இரத்தம் விரல் நுனிக்குப் போகவில்லை. சூட்டைக் கொண்டுவருவது இரத்தம், அதைக் காப்பது காலுறைக்குள் நிற்கும் காற்று. இரண்டையும் நானே நெரித்துக் கொன்றிருந்தேன். இயற்பியலில் முதல் வகுப்பு.

மதினி பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் இதுவரை ஒரு வார்த்தை முனகவில்லை. காலைப் பார்த்தேன். எல்லா விரல்களும் சிவந்திருந்தன. மெட்டி போட்ட விரல்கள் மட்டும் நீலம் பாரித்து, வெள்ளிக்கு இரண்டு பக்கமும் தோல் வெடித்திருந்தது.

"மயினி, மெட்டியக் கழட்டுங்க."

"போட்டி, மாட்டேன்."

"வெள்ளி சூட்டை உறிஞ்சும். வெண்கலச் செம்புல சூடா பால் ஊத்தினா கை வைக்க முடியுதா? மரக் கரண்டின்னா வைக்கோம். அதுபோலத்தான். சூடு உள்ள இடத்துல இருந்து உலோகம் அதை இழுத்து வெளிய விடும். உங்க விரல்ல இருக்க சூட்டை இது காத்துக்குக் குடுத்துக்கிட்டே இருக்கு."

"உங்க அண்ணன் லாரியில போயிருக்காவ. இன்னேரம் எந்த வளைவுல இருக்காவளோ. இந்த நேரத்துல மெட்டியக் கழட்டுன்னு சொல்லுத. வாயக் கழுவு."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. கல்யாணத்தன்று போட்டதைப் புருஷன் இருக்கும்போது கழற்றுவது எங்கள் பக்கத்தில் நினைக்கக்கூடாத காரியம். சித்தாள் பெண்கள் நெருப்புக்குள் சுள்ளியைத் தள்ளினார்கள்.

நான் என் வேலையைப் பார்த்தேன். நான்கு காலுறைகளையும் நெருப்பில் காட்டி உலர்த்தினேன். ஒரு ஜோடி எனக்கு, ஒரு ஜோடி மதினிக்கு. காலுறைக்கு மேல் வாழைச் சருகைச் சுற்றினேன். சருகு பொறுபொறுவென்று காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பஞ்சு மாதிரி. அதற்கு மேல் காற்றும் தூறலும் புகாமல் இருக்க ஏதாவது வேண்டும். துணிமூட்டையைப் பிரித்தேன். ஜவுளிக்கடைப் பைகள் நான்கு. உள்ளே என் சான்றிதழ்கள்.

கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பையை எடுத்தால் காகிதம் நனையும். எடுக்காவிட்டால் காகிதம் மட்டும் கசங்காமல் நனையாமல் மலையடிவாரத்துக்குத் திரும்பும்.

மதினி கையை நீட்டினாள். "குடு இங்க." சான்றிதழ்களை வாங்கி, துண்டில் சுற்றி, சேலைக் கொசுவத்துக்கு உள்ளே வயிற்றோடு வைத்து, மேலே சால்வையை இறுக்கிக் கட்டினாள். பிறகு சித்தாள்களைப் பார்த்து, "யாரும் இடிச்சிராதிய. என் வயித்துல பட்டதாரி இருக்கா" என்றாள்.

படுதா பறந்துவிடும் அளவுக்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மதினி காலை மடக்கி, வாயில் எச்சில் தொட்டு விரலில் தடவி, ஒரு மெட்டியைச் சுழற்றி உருவினாள். அடுத்ததையும் உருவினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாலிக் கயிற்றை வெளியே எடுத்து, முடிச்சைத் தொடாமல், ஒரு நூலால் இரண்டு மெட்டியையும் அதோடு சேர்த்துக் கட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன பாக்க? கால்ல கிடந்தது கழுத்துல கிடக்கு. ஒசந்துதான இருக்கு? இதுல யாருக்கு என்ன குறைச்சல்?"

டீ போட்ட பெண் மட்டும் மெதுவாக, "அதுவும் சரிதான்" என்றாள். தன் கால் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

காலுறை, சருகு, பிளாஸ்டிக் பை என்று அடுக்கி, கணுக்காலில் டியூப் துண்டால் தளர்வாகக் கட்டினோம். நான் ஷூவின் கயிற்றை முழுக்க உருவி, வாயைப் பிளந்து, அதற்குள் காலை விட்டேன். விரலை அசைக்க முடிந்தது. மதினி அதே பொட்டலத்தோடு செருப்பைக் கயிறு போட்டுக் கட்டினாள். எங்கள் கால்கள் தீபாவளிக்குத் துணி எடுத்து வந்த மாதிரி இருந்தன, இரண்டு பக்கமும் கடையின் பெயரோடு. பாலத்துக்காரர்கள் சைக்கிள்களைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அன்று மாலை மாஞ்சோலையில், டீ போட்ட பெண்ணின் தங்கை குடியிருக்கும், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் படுத்தோம். கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கும், சம்மந்தி என்று சொல்லும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா என்பது சாப்பாட்டில்தான் முதலில் தெரிகிறது.

ஆனால் உண்மையான சோதனை திங்கட்கிழமை விடியல்தான். அலுவலகம் இன்னும் மேலே. ஏற்றமும் இறக்கமுமாக, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே போகும் பாதை. வெளிச்சம் வந்தபோது மூச்சு வெள்ளையாக வெளியேறியது. நான் என் மூச்சை என் கண்ணால் பார்த்தது அதுவே முதல் முறை. ஹேண்டில் பாரைத் தொட்டால் கை எரிந்தது. இறக்கங்களில்தான் அதிகம் பயந்தேன். ஏற்றத்தில் உடம்பு உழைக்கிறது, இறக்கத்தில் கால் சும்மா இருக்கிறது, காற்று இரண்டு மடங்காக அடிக்கிறது.

முதல் இறக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எரிச்சல் வரவில்லை. இரண்டாம் இறக்கம். விரல்களை அசைத்தேன், அசைந்தன. மூக்கு விறைத்தது, காது விறைத்தது, பாதம் மட்டும் வெந்நீரில் இருந்து எடுத்தது போல் இருந்தது. "மயினி, கால் எப்படி இருக்கு?" என்று கத்தினேன்.

"கால் இருக்குட்டி!" என்று மேகத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. "தூக்கம் வருது அதுக்கு!"

அதன் பிறகு நாங்கள் பயந்து போகவில்லை. பறந்து போனோம். நான் கல்லூரியில் முதல் வகுப்பு என்று கேட்ட நாளில்கூட அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை.

அலுவலகத்துக் கடிகாரம் எட்டு மணியைத் தாண்டி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்த அதிகாரி ஐம்பது வயதுக்காரர், ஸ்வெட்டர், மப்ளர், கையில் கறுப்புக் காப்பி. பாலம் சரியாகும் வரை யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தாராம். மதினி திரும்பி நின்று, சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தாள். ஓரம்கூட நனையவில்லை, வெதுவெதுப்பாக இருந்தன. அதிகாரி அவற்றைப் படித்தார். பிறகு மேசைக்குக் கீழே என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு முன்னால வந்த டீச்சர் குளிர் தாங்காமப் போயிட்டாங்க. தங்குற வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூரம். வண்டி எதுவும் குடுக்க முடியாது. நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?"

"இன்னைக்கு எப்படி வந்தேனோ அப்படியே தினமும் வருவேன் சார்" என்றேன்.

அவர் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளைங்க ஒன்பது மணிக்கு வந்துரும். நேரா அங்க போயிருங்க."

வெளியே வந்தேன். மதினி இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் மெட்டிகள் ஒன்றோடொன்று உரசிச் சிறு சத்தம் போட்டன.

"என்ன ஆச்சு?"

"கிடைச்சிட்டு."

அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், அது வியர்வையா பனியா என்று பார்க்கவில்லை. பிறகு அண்ணனின் உயரமான சைக்கிளைத் திருப்பி நேராக நிறுத்தி, நான் ஏறுவதற்குப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க டீச்சரம்மா. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்."

தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "புது டீச்சரா? கால்ல என்ன தாயி, ஜவுளியா?" என்று ஒருத்தி மேலே இருந்து கேட்டாள். கையை எடுக்காமல் மணியை மட்டும் அடித்தேன். பின்னால் மதினியும் அடித்தாள். சரிவு முழுக்கச் சிரிப்பு உருண்டது. பள்ளிக்கூடத்துக்கு அதுதான் கடைசி இறக்கம், காற்று முகத்தில் அறைந்தது, பிரேக்கைத் தொடவில்லை. என் இரண்டு பாதங்களும் சூடாக இருந்தன.